ஸ்பிரிங்ளரா, இரண்டாம் படிக்கட்டா? தருமபுரி, கிருஷ்ணகிரிக் கட்டடங்களுக்கான ஒப்பீடு

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ மூன்று, நான்கு மாடிகளில் ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ கட்ட முனைபவர், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்கு வரைபடம் தயாராகும்போதே, பணத்தை முதலில் எதில் இறக்குவது என்ற கேள்வியைச் சந்திக்கிறார். தீ பற்றியதும் தானே இயங்கும் ஸ்பிரிங்ளர், பம்ப், தொட்டி ஆகியவை ஒரு வழி. தீயையும் புகையையும் ஓரிடத்திலேயே அடைக்கும் சுவர்கள், தீத்தடுப்புக் கதவுகள், அகலமான இரண்டாம் படிக்கட்டு ஆகியவை மற்றொரு வழி. பல கட்டடங்களுக்கு விதிகள் இரண்டையுமே கேட்கின்றன. ஆனால் செலவு கையை மீறும்போது எதன் தரம் குறைகிறது என்பதில் உரிமையாளரின் தேர்வு தெரிந்துவிடும்.

ஸ்பிரிங்ளரின் வலிமை, ஆளில்லாத இரவிலும் அது வேலை செய்வது. அதன் தலையில், அதாவது நீர் தெளிக்கும் முனையில், உள்ள சிவப்புக் கண்ணாடிக் குமிழ் ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸில் உடைந்து, தீக்கு மேலே சூடேறிய தலை மட்டும் நீரைப் பொழியும். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திறந்து சரக்கு முழுவதையும் நனைத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவதற்கு, திரைப்படங்களைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. இதன் பலவீனம், தண்ணீர், மின்சாரம், பம்ப், வால்வு என்று நீளும் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் முழு அமைப்பும் பயனற்றுப் போவது. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புக் கழகத்தின் ஆய்வுகளில், ஸ்பிரிங்ளர் இயங்காமல் போன நிகழ்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குக் காரணம், அமைப்பு மூடி வைக்கப்பட்டிருந்ததே. குடிநீருக்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எதிர்பார்க்கும் இந்த மாவட்டங்களில், கோடையில் தீயணைப்புத் தொட்டியின் நீர் முகூர்த்த நாள் சமையலுக்குத் திருப்பப்படுவது வியப்பன்று. அன்றாடப் பயன்பாட்டுக் குழாயைத் தொட்டியின் அடியில் வைக்காமல், தீக்கான இருப்பு மட்டத்துக்கு மேலே பொருத்தினால் இது பெருமளவு தவிரும். ஆனால் அதைக் கேட்டு வாங்கும் உரிமையாளர்கள் குறைவு.

செங்கல் சுவருக்கு மின்சாரமும் தண்ணீரும் தேவையில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, மக்கள் கூடும் கட்டடங்களின் படிக்கட்டு 2 மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்கிறது. மண்டபத்தில் பந்தி நடக்கும் வேளையில் அந்த அகலத்தின் மதிப்பு தெரியும். இந்த வழியும் பழுதாகும்: படிக்கட்டில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்படும், தீக்கதவு காற்றுக்காகக் கல் வைத்துத் திறந்து விடப்படும். ஆயினும் இந்தப் பழுது அவ்வழியே போகும் எவருக்கும் தெரியும்; மூடிய வால்வு யாருக்கும் தெரியாது. பராமரிப்புக்கென்று தனி ஆள் இல்லாத கட்டடத்தில், கண்ணில் படும் பழுதே திருத்தப்பட வாய்ப்புள்ளது என்பதால், மண்டபத்துக்கும் ஜவுளிக்கடைக்கும் படிக்கட்டையும் சுவரையுமே முதலில் வைப்பேன். இந்த வழியிலும் கண்ணில் படாத பழுது ஒன்று உண்டு: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே கேபிளுக்காகச் சுவரில் இட்டு அடைக்காமல் விட்ட துளை. புகை அந்த வழியாகத்தான் அடுத்த அறைக்குப் போகும்.

ஓசூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் கணக்கு தலைகீழாகிறது. உயரமான ரேக்குகளில் அடுக்கிய சரக்கில் தீ ஏறும் வேகத்துக்குப் படிக்கட்டால் பயனில்லை. மேலே உள்ள இரும்புச் சட்டம் ஏறத்தாழ 550 டிகிரியில் தன் வலுவில் கணிசமான பகுதியை இழந்து வளையத் தொடங்கும். அங்கே ஸ்பிரிங்ளருக்கு மாற்று இல்லை. அதைக் கவனிக்கத் தொழிற்சாலைகளில் ஆளும் உண்டு. வெடிமருந்துக்கு மட்டும் இரண்டும் போதா: 2023 ஜூலையில் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்ததை நினைத்தால், குடியிருப்பிலிருந்து விலகிய இடைவெளியே முதல் தேவை என்பது விளங்கும்.

விதிகளே ஒத்துப்போகாத இடமும் உண்டு. தேசியத் தொகுப்பு 15 மீட்டரிலிருந்து உயரக் கட்டடம் என்கிறது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் அப்படி வகைப்படுத்துகிறது. இடைப்பட்ட 17 மீட்டர் கட்டடத்தை எப்படிக் கருதுவது என்பதை வரைபட நிலையிலேயே துறையிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

கடைவீதியின் பழைய கட்டடங்களில் என் வரிசை செல்லாது. பக்கத்துச் சுவரோடு ஒட்டி நிற்பவற்றில் இரண்டாம் படிக்கட்டுக்கு இடமே இல்லை. அங்கே ஸ்பிரிங்ளரை ஏற்று, அதன் வால்வைத் திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டி, மாதந்தோறும் சோதிக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதி வைப்பதே நடைமுறைக்கு உகந்தது.