சன் கோனூருக்கு ஹார்னஸ்: நல்ல பொருள்தான், ஆனாலும் வாங்காதீர்கள்

ஹார்னஸ் என்பது வளர்ப்புக் கிளியை வெளியே கொண்டுபோகும்போது பறந்துவிடாமல் அதன் உடம்பில் மாட்டும் பட்டை. விலை இறங்கியிருக்கிறதே, சன் கோனூருக்கு (மஞ்சள் நிறச் சிறு கிளி) ஒன்று வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். பதில் நீளமானது, அதனால் எழுதிவிடுகிறேன். பக்கிள் பல வைத்த மலிவு ரகங்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் பக்கிளைக் கோனூர் கடித்தே உடைத்துவிடும். நான் சொல்வது ஒரே நைலான் பட்டையில் தைத்து, தலைக்கு ஒரு வளையம், இறக்கைக்கு இரண்டு, இறுக்குவதற்கு ஒரே ஒரு இடம் என்று இருக்கிற ரகம்.

அதில் எலாஸ்டிக் லீஷ், அதாவது நீண்டு சுருங்கும் பிடிகயிறு, அருமை. பறவை பறந்துபோய் கயிற்றின் முனையை எட்டும்போது வெடுக்கென்று இழுபடாது. லீஷ் நீண்டு வேகத்தை வாங்கிக்கொள்ளும், மிச்ச இழுப்பும் மார்பில் பரவிவிடும். கால் வளையத்தில் சங்கிலி மாட்டுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். 100, 120 கிராம் பறவையின் காலில் அதே இழுப்பு விழுந்தால் எலும்பு முறியலாம். லீஷ் நீளமாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள். நீளம் கூடக்கூட வேகமும் கூடும், முனையில் அடியும் பலமாக விழும்.

எரிச்சல் முழுக்கத் தலை வளையத்தில்தான். கை மேலிருந்து வருவதே கிளிக்குப் பயம். அதோடு விறைப்பான நைலான் விளிம்பு அலகைத் தாண்டி, கண்ணை உரசி, காதுப்பக்க இறகுகளைக் கலைத்துக்கொண்டு இறங்க வேண்டும். பாதியில் சிக்கி ஒரு கண்ணை மறைத்துவிட்டால் அடுத்த முறை பட்டையைப் பார்த்ததுமே பறவை ஓடும், பழக்கியதெல்லாம் போகும். திறந்து மூடும் கிளிப் வைத்திருக்கலாமே என்று தோன்றும். வைத்தால் கிளி அதையும் திறந்துவிடும் என்பது நியாயம்தான். நியாயம் தெரிந்தும் ஒவ்வொரு முறை மாட்டும்போதும் கோபம் வருகிறது.

அதனால் பட்டையை எடுப்பதற்கு முன் வளையலில் பழக்குங்கள். முலாம் பூசாத ஸ்டீல் வளையல், 2.8 அளவு. கண்ணாடி கூடாது. தோல் நீக்கிய சூரியகாந்தி விதையில் பாதியை வளையலுக்கு அந்தப் பக்கம் காட்டினால், கிளி தானாகத் தலையை நுழைத்து எடுக்க வேண்டும். நீங்கள் வளையலை நகர்த்தக் கூடாது. அந்த விதை தினசரித் தட்டில் இருந்தால் இதற்கு மதிப்பே இருக்காது, தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காகப் பட்டினி போட வேண்டாம். மாலைத் தீனிக்கு முன், ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாமல். பிறகு குழந்தை வளையல், பிறகு நன்றாக விரித்துப் பிடித்த பட்டை. அலகால் பட்டையைத் தொட்டால் விதை உண்டு, கடித்தால் கிடையாது. இதைத் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டாவிட்டால் பட்டை அதற்குக் கடிக்கிற பொம்மையாகிவிடும்.

இறக்கையைத் தனியாகப் பழக்க வேண்டும். மடிப்பு மூட்டைத் தொட, லேசாகத் தூக்க விடுகிறதா என்று பார்த்த பிறகே வளையத்துக்குள் விடுங்கள். பறக்கும் இறகைப் பிடித்து இழுத்தால், வளர்ந்துகொண்டிருக்கும் இறகு முறிந்து ரத்தம் வரும்.

இறுக்கத்தில் கவனம் தேவை. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே சுண்டுவிரல் நுனி போக வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் கீழ் அலகோ கால் விரலோ மாட்டிக்கொள்ளும். பட்டைக்கு அடியில் சிக்கிய இறகுகளை மேலே எடுத்துவிடுங்கள்.

துண்டில் சுற்றி வலுக்கட்டாயமாக மாட்டி, 'அமைதியா இருக்கு பாருங்க' என்று வீடியோ போடுகிறார்களே, அது அமைதி இல்லை. இறகு உடம்போடு ஒட்டி, கழுத்து நீண்டு, கண் விரிந்து அசையாமல் நிற்பது பயத்தில் உறைவது. பழகிய கிளி பட்டையோடு தின்னும், இறகு கோதும்.

இவ்வளவும் முடிந்து நிம்மதியாக இருக்கும்போது இறகு உதிர்க்கும் காலம் வரும். கழுத்தெல்லாம் முள் முள்ளாகப் புது இறகு முளைத்திருக்கும், தொட்டாலே வலி. பட்டையை அப்போது மூடி வைத்துவிட்டு, பிறகு வளையலிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

வெளியே கொண்டுபோனால் பட்டை பறந்து போவதைத் தடுக்கும், பருந்தையோ வைரி என்கிற வேட்டைப் பறவையையோ தடுக்காது. மொட்டை மாடியில் காக்கைகள் சூழ்ந்தால் தப்பிக்கவும் முடியாது. லீஷ் முனை எப்போதும் மணிக்கட்டில் இருக்கட்டும். கம்பத்தில் கட்டிவிட்டு நகராதீர்கள். கோடையில் காலை ஏழு மணிக்குள் திரும்பிவிடுங்கள். பச்சைக்கிளிக்குப் போடலாமா என்று யாரும் கேட்க வேண்டாம், அதை வீட்டில் வைப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பொருளில் குறை அதிகமில்லை. பழகிய கிளி அதைப் போட்டுக்கொண்டு வேப்பமரக் காற்றில் இறக்கை விரிப்பது பெரிய சந்தோஷம். ஆனாலும் நண்பருக்கு நான் சொன்னது: வாங்காதீர்கள். வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவரிடம் தினமும் அந்த ஐந்து நிமிடம் இருக்காது, பட்டையை ஞாயிற்றுக்கிழமை அவசரமாகத் தலையில் திணிப்பார். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் ஒவ்வொரு முறையும் தையலை விரலால் தடவிப் பாருங்கள். நூல் பிரிந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். விழுங்கிய நைலான் இழை இரைப்பையை அடைத்துவிடும்.