ரிகருக்கு அடுத்து என்ன: கிரேன் கேபினா, லிஃப்டிங் சூப்பர்வைசரா?

சிங்கப்பூரில் ரிகர் (லோடைக் கட்டி ஹூக்கில் மாட்டுகிறவர்), சிக்னல்மேன் (ஆபரேட்டருக்குச் சைகை காட்டுகிறவர்) சர்ட்டிஃபிகேட்டோடு சில வருஷம் ஓட்டிய நம் ஆட்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். பெல்ட் மாட்டி, லோடு சுழலாமல் டேக் லைன் கயிற்றைப் பிடித்து, வாக்கிடாக்கியில் "ஹூக் டவுன், ஸ்லோ, ஸ்டாப்" என்று சொல்லியே காலம் போய்விடுமா? மேலே போக இரண்டு வழி பளிச்சென்று தெரியும். கேபினில் ஏறி உட்கார்ந்து கிரேன் ஆபரேட்டர் ஆகலாம். இல்லை, தரையிலேயே நின்று லிஃப்டிங் சூப்பர்வைசர், அதாவது எல்எஸ் ஆகலாம். பிளானர், இன்ஸ்பெக்டர் என்று வேறு இரண்டு வழியும் உண்டு. அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது? 2011-ல் வந்த கிரேன் இயக்க விதிமுறைகள் ஆபரேட்டர், எல்எஸ், ரிகர், சிக்னல்மேன் என்று ஒவ்வொருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கின்றன. லிஃப்டிங் பிளான் இல்லாமல், எல்எஸ் மேற்பார்வை இல்லாமல் கிரேனில் எதையும் தூக்கக் கூடாது. இதில் பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஆபரேட்டர் மனிதவள அமைச்சகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். எல்எஸ்ஸை நியமிப்பது கம்பெனி. கோர்ஸ் முடித்த பேப்பர் உங்கள் பையில் இருந்தாலும், கம்பெனி நியமிக்காத வரை நீங்கள் ரிகர்தான். சொந்தக் காசைக் கட்டி எல்எஸ் கோர்ஸ் முடித்துவிட்டு, அதற்கப்புறமும் பெல்ட் மாட்டிக்கொண்டிருக்கும் ஆட்கள் எத்தனையோ பேர். காசு கட்டுவதற்கு முன்னால் "முடித்தால் போடுவீர்களா, எவ்வளவு ஏற்றுவீர்கள்" என்று மேனேஜரிடம் நேராகக் கேட்டுவிடுவது நல்லது.

கேபின் வேலையில் சம்பளம் வெளிப்படையாக ஏறும். கிரேன் ஓடும் வரை ஓவர்டைமும் உண்டு. கூட்டத்தோடு மாரடிக்க வேண்டாம், பேப்பர் வேலையும் குறைவு. ஆனால் மொபைல் கிரேன், சங்கிலிச் சக்கரத்தில் நகரும் கிராலர், டவர் கிரேன் எல்லாம் ஒன்றல்ல. ஒன்றில் கை பழகியவரை இன்னொன்றில் அப்படியே உட்கார வைக்க மாட்டார்கள். டவர் கிரேன் என்றால் தினமும் ஏணி ஏறி, நாள் முழுக்கத் தனியாக உட்கார வேண்டும். அவசரத்துக்குக் கீழே இறங்குவதே ஒரு வேலை. லோடு கண்ணுக்குத் தெரியாத பக்கம் இறங்கும்போது காதில் கேட்கும் குரலை மட்டும் நம்பிக் கை நகர வேண்டும். அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. புராஜெக்ட் முடிந்து கிரேனைக் கழற்றினால் அடுத்த மெஷினுக்குக் காத்திருக்கும் நிலையும் வரும். துவாஸ் துறைமுகத்தில் யார்டு கிரேன்கள் தானியங்கி ஆகிவிட்டன, எனவே கேபினுக்கு எதிர்காலம் இல்லை என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். கன்டெய்னர் எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி. கட்டுமானத் தளத்தில் ஒரு லோடு போல இன்னொன்று இருப்பதில்லை. அந்தப் பயம் இப்போதைக்குத் தேவையில்லை என்பது என் கருத்து.

எல்எஸ் வேலையை வெளியிலிருந்து பார்த்தால் கையெழுத்துப் போடும் வேலை போலத் தெரியும். உள்ளே கணக்கு இருக்கிறது. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் கனத்தில் ஒரு பிரீகாஸ்ட், அதாவது முன்பே வார்த்த கான்கிரீட் சுவர் வருகிறது என்று வையுங்கள். 3.6 கன மீட்டர். கம்பியோடு சேர்ந்த கான்கிரீட்டைக் கன மீட்டருக்கு 2.5 டன் என்று எடுத்தால் 9 டன். இரண்டு கால் ஸ்லிங் (லோடைத் தூக்கும் கயிறு) போட்டால் காலுக்கு நாலரை டன்தானே என்று 6.5 டன் ஷேக்கிளை (ஸ்லிங்கை லோடோடு இணைக்கும் இரும்பு வளையம்) மாட்டுவார்கள். ஸ்லிங் நிமிர்ந்து நின்று, கிடைக்கோட்டிலிருந்து 60 டிகிரி இருந்தால் காலுக்கு 5.2 டன், பிரச்சினை இல்லை. 45 டிகிரியில் 6.4 டன், ஷேக்கிள் விளிம்பில் நிற்கிறது. உயரம் போதவில்லை என்று சின்ன ஸ்லிங்கை மாட்டி 30 டிகிரிக்குப் படுக்கவிட்டால் ஒவ்வொரு காலிலும் முழு 9 டன். சுவர் அதேதான், கிரேனும் அதேதான், ஷேக்கிள் மட்டும் தாங்காது. ஸ்லிங் படுக்காமல் நிமிர்த்தும் ஸ்பிரெடர் பீம் கேட்டு வேலையை ஒரு மணி நேரம் நிறுத்தும் ஆள்தான் எல்எஸ்.

எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டும் அப்படித்தான். 50 டன் கிரேன் 50 டன் தூக்குவது பூம் (கிரேனின் கை) குட்டையாக, லோடு கிரேனை ஒட்டி இருக்கும்போதுதான். ரேடியஸ், அதாவது கிரேன் நடுவிலிருந்து லோடு வரை உள்ள தூரம், கூடக் கூட சார்ட்டில் எண் மளமளவென்று இறங்கும். அந்த எண்ணிலிருந்தும் ஹூக் பிளாக், ஸ்லிங், ஷேக்கிள் எடையைக் கழிக்க வேண்டும். சார்ட் படிக்கத் தெரியாமல் எல்எஸ் ஜாக்கெட் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஆபரேட்டர் சொன்னதற்குத் தலையாட்டுவார்கள். ஏதாவது நடந்தால் முதலில் விசாரணைக்குப் போவதும் அவர்கள்தான்.

இந்த வழியின் கெட்ட பக்கமும் அதுதான். சின்ன கம்பெனிகளில் சம்பளம் கொஞ்சம்தான் ஏறும், பொறுப்பு மலைபோல ஏறும். மழை வரப்போகிறது, "லாஸ்ட் ஒன் லிஃப்ட்" என்று மேலிருந்து போன் வரும். முடியாது என்று சொல்லும் தைரியம் வேண்டும், சொன்னால் கேட்கும் கம்பெனியும் வேண்டும். காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் தமிழ், வங்காளம், இந்தி, உடைந்த ஆங்கிலம் எல்லாம் கலந்து பத்துப் பேருக்குப் பிளானைப் புரியவைக்கவும் வேண்டும். வாய் கூசுகிறவர்களுக்குக் கேபின்தான் நிம்மதி.

எந்த வழியில் போனாலும் ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரிகர் சர்ட்டிஃபிகேட் வேறு, ஆர்1 என்னும் உயர்திறன் தொழிலாளி தரம் வேறு. ஆர்1 ஆக கோர்டிரேட், மல்டி ஸ்கில்லிங் என்று தனிப் பாதைகள் உண்டு. 2024 ஜனவரி முதல் கட்டுமானத் துறையில் ஆர்1 ஆளுக்குக் கம்பெனி அரசுக்குக் கட்டும் மாத லெவி 500 வெள்ளி, அடிப்படைத் திறன் ஆளுக்கு 900 வெள்ளி. உங்களை ஆர்1 ஆக்கினால் கம்பெனிக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம். சம்பளம் பேசும்போது இந்தக் கணக்கு மனதில் இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், சிங்கப்பூரிலேயே இருந்து சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பப் போகிறவர்களுக்குக் கேபின் சரி. அடுத்து வளைகுடா போகும் எண்ணம் இருந்தால் எல்எஸ். இங்கே வாங்கிய பேப்பர் எதுவும் அங்கே அப்படியே செல்லாது, இரண்டு பேருக்கும் புதுப் பரீட்சைதான். சவுதி அராம்கோ எண்ணெய் நிறுவன வேலைகளில் ரிகர் தரம் 3-ல் தொடங்கி 2, 1 என்று போகும். 1-தான் உச்சம், சிக்கலான லிஃப்டுகள் அவர் கையில்தான். அங்கே டெஸ்டில் கேட்பது ஸ்லிங் கோணமும் லோடு சார்ட்டும். எல்எஸ்ஸாகக் கணக்குப் போட்டுப் பழகியவருக்கு அது கைவந்த கலை. ஆபரேட்டருக்கு அந்த நாட்டு லைசென்ஸும் தனியாக வேண்டும்.

லிஃப்டிங் பிளான் போடும் பிளானர் வேலைக்கு டிப்ளமோவும் ஆட்டோகேட் வரைபட மென்பொருளும் இல்லாமல் உள்ளே விடுவது அபூர்வம். தரை எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது வரை கணக்குப் போட வேண்டும். இங்கிலாந்தின் ஹிங்க்லி பாயின்ட் அணுமின் நிலையத்தில் 2023 டிசம்பரில் ‘பிக் கார்ல்’ கிரேன் 245 டன் கூரையைத் தூக்கி வைத்ததே, அந்த மாதிரி வேலையெல்லாம் முதலில் கணினியில்தான் நடக்கும்.

இன்ஸ்பெக்டர் வழி சிங்கப்பூரில் நமக்கு இல்லை. கிரேனுக்குச் சட்டப்படி பரிசோதனை செய்கிறவர் பதிவு பெற்ற புரொஃபஷனல் இன்ஜினியராக இருக்க வேண்டும். வளைகுடாவில் மூன்றாம் தரப்பு கம்பெனிகளில் மெக்கானிக்கல் டிப்ளமோவும் லீயா (தூக்கும் கருவிப் பொறியாளர் சங்கம், LEEA) தேர்வும் இருந்தால் வாய்ப்பு உண்டு. கேள்வித்தாள் முழுக்க ஆங்கிலம்.

இன்டர்வியூவில் எல்லா இடத்திலும் வருகிற கேள்வி, "நீ செய்ததில் பெரிய லிஃப்ட் எது?" "பெரிய சில்லர் சார்" என்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். எத்தனை டன், எந்த கிரேன், என்ன ரேடியஸ், கொள்ளளவில் எத்தனை சதவீதம், எத்தனை கால் ஸ்லிங் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதியில் இரும்புச் சட்டகம் ஏற்றும் வேலைக்கு, கிரேன் கொள்ளளவில் 75 சதவீதத்தைத் தாண்டினாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட கிரேன் சேர்ந்து தூக்கினாலோ அது கிரிட்டிக்கல் லிஃப்ட். அதனால் சதவீதத்தைத்தான் துருவிக் கேட்பார்கள். ரிகராக இருக்கும்போதே ஒரு சின்ன நோட்டில் இந்த ஐந்தையும் லிஃப்ட் முடிந்த அன்றே எழுதி வையுங்கள். பிளான் தாளை போட்டோ எடுத்து வைக்க வேண்டாம், அது கம்பெனி சொத்து.