பட்டறை தொடங்கப் படச் சீட்டுகள்: வாங்கலாம், ஆனால் எடுத்ததும் விரிக்க வேண்டாம்

பயிற்சிப் பட்டறையின் தொடக்கத்துக்கென்றே படச் சீட்டுக் கட்டுகள் விற்கிறார்கள். ஆளுக்கொரு படம் எடுத்து, அதை வைத்துத் தங்களைப் பற்றி இரண்டு வரி பேச வேண்டும். கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய துணை. எல்லோர் கண்ணும் அவர் முகத்தை விட்டுப் படத்துக்குப் போய்விடும்.

வாங்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். 20 பேருக்கு 50 படமாவது வேண்டும். குறைந்தால் கடைசியில் வருபவருக்கு மிஞ்சியதுதான் கிடைக்கும். ஏ5 அளவே (ஏ4 தாளில் பாதி) சரி. சின்ன அட்டைகளை நின்றபடி பார்க்க முடியாது. பளபளப்பான லேமினேஷன் விளக்கொளியில் கண்ணைக் கூசவைக்கும், மேட் பூச்சு நல்லது. படத்துக்குக் கீழே ‘தோல்வி’, ‘நம்பிக்கை’ என்று அச்சிட்ட கட்டு வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லே பதிலைத் தீர்மானித்துவிடும். தீ, விபத்து, ஓங்கிய கை இருக்கும் படங்களை முதலிலேயே எடுத்துவிடுங்கள். யாருக்கு எது எதைக் கிளறும் என்று சொல்ல முடியாது.

பெரிய குறை, கூடவே வரும் குறிப்புத்தாளில் இருக்கிறது. வணக்கம் சொன்னதும் சீட்டை விரிக்கச் சொன்னால் அதைப் பின்பற்றாதீர்கள். வாய் திறந்தால் அவமானப்பட மாட்டோம் என்று குழுவே சேர்ந்து நம்புவதைத்தான் ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் வெளியான ஆய்வில் உளவியல் பாதுகாப்பு என்றார். அது சீட்டிலிருந்து வராது. எத்தனை மணிக்கு முடியும், இடைவேளை எப்போது, புகைப்படம் எடுப்பார்களா, மேலதிகாரிக்கு அறிக்கை போகுமா என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அடுத்து குழு ஒப்பந்தம், அதாவது பட்டறையில் எப்படி நடந்துகொள்வது என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் விதிகள். முன்பே அச்சடித்து ஒட்டினால் அது பயிற்றுநரின் விதியாகவே நின்றுவிடும். “இங்கே தயங்காமல் பேச என்ன வேண்டும்?” என்று கேட்டு, இருவர் இருவராக 3 நிமிடம் பேசவிட்டு, அவர்கள் சொற்களிலேயே ஃபிளிப் சார்ட்டில் (தாங்கியில் மாட்டிய பெரிய தாள்கள்) எழுதுங்கள். யாராவது ‘மரியாதை’ என்றால் அதோடு விடாமல், எதைச் செய்தால் மரியாதை என்று கேளுங்கள். ‘குறுக்கே பேசக் கூடாது’ என்பது போல, கடைப்பிடிக்கக்கூடிய ஒரு வரி கிடைக்கும். ரகசியம் காப்பதற்கும் எல்லை உண்டு: உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். இதை யாரும் எதையும் பகிர்வதற்கு முன்பே சொல்வதுதான் நேர்மை.

இதற்கெல்லாம் 20 நிமிடம் ஆகும். அதன் பிறகு விரியுங்கள். விருப்பமில்லாதவர் காரணம் சொல்லாமல் தன் முறையை விட்டுவிடலாம் என்று அறிவித்து, பயிற்றுநரே முதலில் ஒரு நிமிடம் பேச வேண்டும். அவர் கண்ணீர்க் கதை சொன்னால் அடுத்தவரும் அதே ஆழத்துக்கு இறங்க வேண்டிய நெருக்கடி வரும். தலா ஒரு நிமிடம் என்று சொன்னாலும் 20 பேர் முடிக்க அரை மணி தாண்டும். 12 பேருக்கு மேல் என்றால் நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். மேலதிகாரியும் ஊழியர்களும் சேர்ந்திருக்கும் அறையில் பயம், பலவீனம் பற்றிய கேள்வி கூடாது. இன்று என்ன மனநிலையில் வந்தீர்கள் என்பதே போதும், அதிலும் மேலதிகாரி கடைசியில் பேசட்டும்.

அடிக்கடி பட்டறை நடத்துபவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஒரே ஒரு நாளுக்கு என்றால், பழைய பத்திரிகைப் படங்களை வெட்டித் தடித்த அட்டையில் ஒட்டிக்கொண்டாலே வேலை நடக்கும்.