கத்தரி எப்போது கைக்கு வரும்? தையல் பழக நாலு வழிகள்

தையல் கற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது மூன்று விஷயம்: ஃபீஸ் எவ்வளவு, எத்தனை மாதம், சர்ட்டிபிகேட் உண்டா. இவற்றோடு இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். அங்கே சேர்ந்தால் கத்தரி எப்போது நம் கைக்கு வரும்? மெஷின் ஓட்டுவது காலும் கையும் பழகினால் வந்துவிடும். வெட்டுவது அப்படி இல்லை. அளவெடுத்து, கணக்குப் போட்டு, துணியில் தைரியமாகக் கத்தரி வைப்பதுதான் தொழில். பெரிய கடைகளில் கட்டிங் மாஸ்டர் தனியாக இருப்பதும் அதனால்தான்.

மகளிர் குழுக் கட்டடத்திலோ சர்ச் ஹாலிலோ ஓர் அக்கா வீட்டு மாடியிலோ நாலைந்து கறுப்பு மிதி மெஷின்களைப் போட்டு நடத்தும் தெரு வகுப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். அங்கே எடுத்ததும் துணி தரமாட்டார்கள். நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுக் காகிதத்தை ஊசிக்கடியில் வைத்து ஓட்டச் சொல்வார்கள். சக்கரம் பின்னால் சுற்றினால் நூல் அறும். அதைக் காலுக்குப் புரியவைக்கத்தான் இந்தக் காகிதம். அப்புறம் குழந்தைக்கு ஜபலா, உள்பாவாடை, சுடிதார், கடைசியில் ஜாக்கெட். ஒவ்வொன்றையும் நோட்டில் சின்ன அளவில் வரைந்து, அதன் பிறகுதான் துணியில் வெட்ட வேண்டும். மெதுவாகத்தான் போகும். ஆனால் கத்தரி ஆரம்பத்திலேயே கைக்கு வந்துவிடுகிறது, அதுவும் நம் வீட்டுப் பழைய புடவையில்.

இந்த வகுப்பின் உண்மையான லாபம் பக்கத்தில் ஆள் இருப்பது. “அக்கா, அடியில நூல் கொசகொசன்னு சுத்திக்குது.” அந்த அக்கா எழுந்து வரக்கூட மாட்டார். “பாதத்தைத் தூக்கி வச்சிட்டு மேல் நூலைத் திருப்பிக் கோரு.” பாதம், அதாவது துணியை அழுத்திப் பிடிக்கும் கால், கீழே இறங்கியிருக்கும்போது கோத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் சரியாக உட்காராது. புதிதாகப் பழகுகிறவர் அடியில் சிக்கல் தெரிகிறதே என்று அடிநூல் சுற்றிய பாபினைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். கோளாறு மேலே இருக்கும். ஊசியின் தட்டைப் பக்கம் மாறிப்போய்த் தையலே விழாமல் இருப்பதும் இதே ரகம். தனியாக உட்கார்ந்திருந்தால் அரை நாள் போயிருக்கும்.

கைக்குழியும் அப்படித்தான். ஜாக்கெட் கையின் மேல் வளைவில் முன்பக்கம் கொஞ்சம் அதிகமாகக் குடைந்து வெட்டியிருக்கும். வெட்டியவுடன் முன்பக்கத்தில் சாக்பீஸால் ஓர் அடையாளம் போடாவிட்டால், இடது கை வலப்பக்கம் போய்விடும். போட்டுப் பார்த்தால் அளவெல்லாம் சரி, ஆனால் கையைத் தூக்கினால் இழுக்கும். ஏன் என்று தொட்டுக் காட்ட ஓர் ஆள் வேண்டும்.

குறையும் இருக்கிறது. நேரம் அக்காவின் வசதிப்படிதான். தீபாவளி நெருங்கினால் வகுப்பு ஆர்டர் தைக்கும் இடமாகிவிடும், மாணவிகள் ஓரம் மடித்துத் தைக்கும் ஹெம்மிங் பண்ணிக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்தது ஆர்செட்டி. வங்கிகள் மாவட்டந்தோறும் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தல டிரஸ்டும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிலையம்தான் இதற்கெல்லாம் முன்மாதிரி. தையல் வகுப்பு சுமார் ஒரு மாதம், தினமும் முழு நாள். பயிற்சியும் சாப்பாடும் இலவசம். வங்கிக் கடன், கணக்கு எழுதுவது, கூலி நிர்ணயிப்பது எல்லாம் சொல்லித்தருவார்கள். கடை போடுகிற எண்ணம் இருந்தால் இதற்கு இணை இல்லை.

கத்தரியும் முதல் வாரத்திலேயே கிடைக்கும். ஆனால் ஒரு பேட்சில் முப்பது பேர் வரை இருப்பார்கள், இன்று உள்பாவாடை, நாளை சுடிதார் என்று ஓடும். ஒரு ஜாக்கெட் சரியாக வரும்வரை மூன்று முறை பிரித்துத் தைக்க அங்கே நேரம் இல்லை. கைக்குழந்தையோ வேலையோ உள்ளவர்களால் மாதம் முழுக்கப் போகவும் முடியாது. சும்மா நம் துணியை நாமே தைத்தால் போதும் என்பவர் அந்த இடத்தைப் பிடிக்காமல் இருப்பதே நியாயம் என்று எனக்குப் படுகிறது.

டெய்லர் கடையில் எடுபிடியாகச் சேர்வது பழைய வழி. ஊக்கு, ஹெம்மிங், காஜா, பட்டன் என்று தொடங்கி வருஷக்கணக்கில் போகும். கை சுத்தமாகும், வேகம் வரும், வாடிக்கையாளரின் முகம் படிக்க வரும். கத்தரி மட்டும் வராது. அது மாஸ்டரின் மேஜையைவிட்டு நகராது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இது இன்னும் கறார். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர் நாளெல்லாம் ஓவர்லாக்தான். சம்பளம் உடனே வரும். ஒரு முழுச் சட்டை தைக்கத் தெரியுமா என்றால் பலர் சிரிப்பார்கள்.

யூடியூபில் கத்தரி முதல் நிமிடமே கைக்கு வருகிறது, அதுதான் சிக்கல். அளவு 36 என்று வீடியோவில் சொல்லும் கணக்கு அதில் அளவெடுத்த உடம்புக்கு. நம் தோள் சரிவும் முதுகு அகலமும் வேறு. உள்ளே வைத்துத் தைக்கும் லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும் என்பதையும் பல வீடியோக்கள் சொல்லாமல் தாண்டிவிடும். முதல் சலவையில் லைனிங் சுருங்கி ஜாக்கெட் முழுக்கச் சுருக்கம் விழும். அடிப்படை தெரிந்தவருக்கு யூடியூபை மிஞ்சிய வாத்தியார் இல்லை. பிரின்சஸ் கட், பானைக் கழுத்து போன்ற ஜாக்கெட் மாடல்கள் எல்லாம் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

சர்ட்டிபிகேட் விஷயத்துக்கு வருவோம். தமிழக அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தையல் பயிற்சிச் சான்று கேட்கிறார்கள். வயது, வருமான வரம்புகளும் உண்டு. தெரு வகுப்பில் தரும் அட்டை அதற்குச் செல்லுமா என்று சேரும் முன்பே சமூகநல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில அக்காக்கள் அரசுத் தேர்வுகள் துறையின் லோயர், ஹையர் தையல் தேர்வுக்கும் தயார்செய்வார்கள். எட்டாம் வகுப்பு முடித்து, ஒரு வருஷம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஐடிஐ என்கிற தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், வீட்டுக்குத் தைக்க விரும்புகிறவர் தெரு வகுப்பில் ஜாக்கெட் வரும்வரை இருந்துவிட்டு யூடியூபுக்குப் போகலாம். தொழிலாகச் செய்ய நினைப்பவர் நேராக ஆர்செட்டிக்குப் போய், முடித்ததும் ஒரு கடையில் கொஞ்ச காலம் கூலிக்குத் தைத்து வேகம் பிடிக்கலாம். எங்கே சேர்ந்தாலும் மெஷினை மட்டும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். வகுப்பு மெஷினில் மிதி பழகிய பிறகு, செகண்ட் ஹேண்டில் ஒரு கறுப்பு மெஷின் போதும். கால் வலித்தால் மோட்டாரைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம்.