குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டித் தருகிறோம் என்றால் உஷார்

மார்கழி நெருங்கினால் மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கத்துக் கடைகளில் கேஸ் கீசர் வியாபாரம் களை கட்டிவிடும். "கரண்ட் போனாலும் வெந்நீர் வரும் சார்" என்பார்கள். அது பொய்யில்லை. அதை எங்கே, எப்படி மாட்டுகிறார்கள் என்பதில்தான் ஆளைக் கொல்லும் விஷயம் இருக்கிறது.

எங்களுடையது இரண்டு பக்கமும் பொதுச்சுவர் உள்ள பழைய தெரு வீடு. கொல்லையில் இருந்த குளியலறையை அம்மாவின் முழங்கால் வலிக்காக உள்ளே கொண்டுவந்திருந்தோம். காற்றுக்கு ஒரே வழி, மேலே இருந்த சின்ன வெண்டிலேட்டர். மாட்ட வந்த மெக்கானிக், காற்று அடித்தால் பர்னர் அணைந்துவிடும் என்று சொல்லி, அதையும் பிளைவுட் வைத்து அடைத்தார். பில்லில் 'புகைக்குழாய்' என்று 1,800 ரூபாய் போட்டிருந்தார்கள். குழாய் எதுவும் மாட்டவில்லை. கேட்டதற்கு, "இந்த மாடலுக்கு அது வேணாம் அண்ணே, கேஸ்ல ஏது புகை?" என்றார். வேண்டாத குழாய்க்கு எதற்குக் காசு? கடையில் அதை "சர்வீஸ் சார்ஜ்ல சேர்ந்தது" என்று மாற்றிச் சொன்னார்கள்.

கல்லூரி விடுமுறையில் வந்திருந்த மகள் தலைக்குக் குளிக்கப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவே இல்லை, கூப்பிட்டால் பதிலும் இல்லை. என் தம்பி தாழ்ப்பாளை உடைத்தான். தரையில் கிடந்தாள். கூடத்துக்குத் தூக்கிவந்து, காற்று பட்டதும் கண் விழித்து வாந்தி எடுத்தாள். மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 98 என்றது. "சாப்பிடாமல் குளித்திருப்பாள், மயக்கம்" என்று அனுப்பப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் வந்து கேட்ட முதல் கேள்வி, "வீட்டில் கேஸ் கீசரா?" அந்தக் கருவிக்கு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா, கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியாதாம். தனியாக ரத்தப் பரிசோதனை செய்து, முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள்.

அவர் விளக்கிய பிறகு நானும் தேடிப் படித்தேன். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு நாலடி, எட்டடி உயரமுள்ள எங்கள் குளியலறையில் இருப்பது மொத்தமே நாலரை கன மீட்டர். காற்று குறையக் குறைய அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. சிலிண்டர் கசிந்தால் மூக்கில் ஏறும் நாற்றம், வாயுவில் வேண்டுமென்றே கலப்பது. எரிந்த பிறகு அதுவும் இருக்காது. ரத்தத்தில் இந்த நஞ்சு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கால் துவளுதல், அப்புறம் நினைவு போய்விடும். தாழ்ப்பாள் உள்ளே இருக்கும்.

தாத்தா காலத்துச் செப்பு பாய்லரிலும் கொட்டாங்கச்சியைப் போட்டு எரித்தோம். அது கொல்லையில் திறந்தவெளியில் நின்றது. மச்சான் இங்கிலாந்தில் இருக்கிறார். அவர் வீட்டு எண்ணெய் பாய்லரின் புகைக்குழாய் கூரைக்கு மேலே போகிறது, காற்று வரச் சுவரில் மூடவே முடியாத ஒரு திறப்பும் இருக்கிறது. அந்தக் குளிரிலேயே அப்படி! இங்கே நாம் கொசுவுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைக்கிறோம்.

கடைக்காரர் முதலில் "ஜன்னலை நீங்கதான் மூடியிருப்பீங்க" என்றார். பிளைவுட்டில் அவர்கள் ஆள் அடித்த ஆணியைப் படம் எடுத்துக் காட்டியதும், எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று அதையும் விற்கப் பார்த்தார். உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் ஃபேன் எதை இழுக்கும்? பெட்டியோடு வந்த கையேட்டை எங்களிடம் தரவே இல்லை. சண்டை போட்டு வாங்கிப் பார்த்தால், குளியலறைக்குள் மாட்டக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் கீசரும் சிலிண்டரும் வெளியே, கொல்லைச் சுவரில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும். மேலே கூரை மாதிரி மறைப்பு போடலாம், நாலு பக்கமும் அடைக்கக் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். அதனால் கீழேயும் திறப்பு வேண்டும். சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள். வெளிச்சுவரே இல்லாத வீடென்றால் கரண்ட் கீசரே மேல்.

பாதிப் பணம் தருகிறேன் என்று கடைக்காரர் ஆள் அனுப்பினார். வாங்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். இதே மாதிரி மாட்டிவிட்டுப் போயிருந்தால் பில்லையும் கையேட்டையும் பத்திரமாக எடுத்து வையுங்கள்.