திருச்சி வானொலியின் கதை: காகிதத்தில் தொடங்குவதா, காதில் தொடங்குவதா?

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் கோயிலைப் பற்றி எழுதுவார்கள், கல்லூரியைப் பற்றி எழுதுவார்கள், இடித்துத் தள்ளிய சினிமாக் கொட்டகையைப் பற்றிக்கூட நாலு பக்கம் எழுதிவிடுவார்கள். வானொலி நிலையத்துக்கு மட்டும் ஒரு பத்திதான். திருச்சிக்கு அந்தப் பத்தி இப்படிப் போகும்: 1939 மே 16 அன்று தொடக்கம், தொடங்கி வைத்தவர் அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி, நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவிடம் இருந்த ஆறே நிலையங்களில் இது ஒன்று, மத்திய அலையில் 936 கிலோஹெர்ட்ஸ். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் பத்தியில் ஒரு சத்தம்கூடக் கேட்காது.

நான் சில வருஷங்களாக இந்த நிலையத்தைப் பற்றிக் குறிப்பு சேர்த்து வருகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். உள்ளூர் நிலையத்தின் வரலாற்றை எழுத உட்காருகிறவர் முன்னால் நாலைந்து வழி இருக்கிறது: அலுவலகக் கோப்பு, அச்சான நிகழ்ச்சி நிரல், பழைய ஆட்களின் பேச்சு, ஒலிப்பதிவு, கலைஞர்கள் வீட்டுப் பெட்டி. எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்வது சுலபம். ஞாயிற்றுக்கிழமையும் பஸ் காசும் அளவாக இருக்கிறவருக்கு எதில் முதலில் கால் வைப்பது என்பதுதான் கேள்வி. நிஜமான போட்டி நிகழ்ச்சி நிரலுக்கும் பேச்சுக்கும் இடையில்தான். மற்றவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

அலுவலகக் கோப்பை நம்பி இறங்காதீர்கள். யாரையும் குறை சொல்லவில்லை. அரசு அலுவலகக் காகிதத்துக்கு ஆயுள் உண்டு, அது முடிந்ததும் கழித்துவிடுவார்கள். மிஞ்சுவது பெரும்பாலும் கட்டடம், கருவி, பதவி சம்பந்தப்பட்டவை. அவற்றை வைத்து எழுதினால் நிலைய இயக்குநர்களின் பெயர்ப் பலகை மாதிரி ஒரு வரலாறு வரும். சென்னைக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள். 1924இல் கிருஷ்ணசுவாமி செட்டியார் தொடங்கிய ரேடியோ கிளப் சில வருஷத்தில் நொடித்துப் போக, 1930இலிருந்து மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலி வரும்வரை அந்த ஏற்பாடு ஓடியது. மாநகராட்சி கையில் இருந்ததால் அந்தக் காலத்துக்கு மத்திய அரசு சாராத இன்னொரு காகிதத் தடம் அவர்களுக்கு உண்டு. திருச்சி நேராகவே அகில இந்திய வானொலியின் பிள்ளையாகப் பிறந்தது.

சரி, நிகழ்ச்சி நிரலுக்கு வருவோம். அகில இந்திய வானொலி தமிழில் ‘வானொலி’ என்ற பெயரிலேயே மாதம் இருமுறை இதழ் நடத்தியது. ஆங்கிலத்தில் 1935 டிசம்பரில் தொடங்கிய ‘தி இந்தியன் லிசனர்’. 1958இலிருந்து அதற்குப் பெயர் ‘ஆகாஷ்வாணி’. ஆங்கில இதழின் பல வருஷத்துத் தொகுதிகளை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தே புரட்டலாம். தமிழ் இதழுக்கு நூலகம் நூலகமாக ஏற வேண்டும். இதழ் கிடைக்காத மாதங்களுக்கு நாளிதழ்களில் வந்த ‘இன்றைய வானொலி’ பத்தி கை கொடுக்கும்.

இந்த நிரலின் பலம் அதன் அலுப்பில் இருக்கிறது. யார் பாடினார், எத்தனை நிமிஷம், பக்கவாத்தியம் யார், அடுத்து என்ன பேச்சு என்று நாள் தவறாமல் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைப் படித்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வருஷத்தை வரிசையாகப் படித்தால் நிலையத்தின் குணம் தெரியும்: எந்த ஊர்க் கலைஞர்களுக்கு அடிக்கடி இடம், கிராம நிகழ்ச்சிக்கு எந்த நேரம், பெண்களுக்கென்று ஒதுக்கியது எப்போது. இதை எந்த மனிதரும் நினைவிலிருந்து சொல்ல முடியாது. பிரிட்டனில் ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் 1923இலிருந்தான நிரல்களைப் பிபிசி தேடக்கூடிய தரவாகவே இணையத்தில் வைத்திருக்கிறது. அங்கே உள்ளூர் வானொலி வரலாறு எழுதுகிறவர் இரண்டு வார்த்தை தட்டினால் போதும். நமக்கு விரல் நுனியில் தூசி.

ஆனால் நிரல் சொல்வது என்ன ஒலிபரப்பத் திட்டமிட்டார்கள் என்பதை. என்ன ஒலித்தது என்பதை அல்ல. பாடகர் ரயிலைத் தவறவிட்டிருப்பார், நிலையக் கலைஞர் ஒருவர் உட்கார்ந்து சமாளித்திருப்பார். இதழில் மட்டும், வராமல் போன பாடகர் பெயர்தான் நிற்கும். 1948 ஜனவரி 30 மாலைக்கான நிரலை எடுத்துப் பாருங்கள். இதழ் நாட்களுக்கு முன்பே அச்சாகிப் போனது. அன்று மாலை ஆறு மணிக்குக் காந்தி கொல்லப்பட்ட செய்தியை வானொலி சொன்னது. அதன் பிறகு ஒலித்தவற்றுக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு வானொலியின் வாழ்க்கையில் மிகப் பெரிய இரவுகளில் ஒன்று, அதன் சொந்த இதழில் சாதாரணச் சாயங்காலமாகத் தூங்குகிறது.

இப்போது எதிர்த்தரப்பு. பழைய ஆட்களிடம் போனால் முதல் பத்து நிமிஷத்திலேயே காகிதம் தராத ஒன்று கிடைக்கும். தஞ்சைப் பக்கம் வயதான விவசாயி யாரிடமாவது ஆடுதுறை 27 பற்றிக் கேளுங்கள். கொஞ்சம் யோசிப்பார். ‘ரேடியோ நெல்’ என்று கேளுங்கள். உடனே பேச ஆரம்பிப்பார். ஜி.இ.பி. 24ஐயும் ஜப்பானிய நோரின் 10ஐயும் கலந்து ஆடுதுறையில் உருவாக்கிய குறுகிய காலக் குறுவை ரகம் அது. அறுபதுகளின் நடுவில் அதை டெல்டா முழுக்கக் கொண்டு சேர்த்ததில் திருச்சி வானொலிக்குப் பெரிய பங்கு. 1966இல் பத்து நிலையங்களில் விவசாய ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவு வைத்தபோது அதில் திருச்சியும் ஒன்று. நாற்று விடுவதிலிருந்து உரம் போடுவதுவரை வானொலி சொல்லச் சொல்லக் கேட்டு நட்டார்கள். நெல்லுக்கே ரேடியோ என்று பேர் வைத்தது எந்த அதிகாரியும் இல்லை. நிரலில் அந்த நாளுக்கு ‘விவசாயிகளுக்கு’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். ஒரு நிலையம் தன் வாழ்நாளில் செய்த மிகப் பெரிய வேலை ஒற்றை வரிக்குள் அடங்கிப் போகிறது. நான் எழுதுவதாக இருந்தால் திருச்சியின் கதையை 1939இல் தொடங்க மாட்டேன், இந்த நெல்லில்தான் தொடங்குவேன்.

அப்படியானால் வாய்மொழிதான் ஜெயித்ததா? அவசரப்படாதீர்கள். என் நோட்டில் ஓர் அம்மா சொன்னது இருக்கிறது: “திருச்சி ரேடியோவுல கே.எஸ். ராஜா பேசுவாரே தம்பி, மூச்சே விடாம, அதுக்காகவே வேலைய முடிச்சிட்டு உக்காருவோம்.” கே.எஸ். ராஜா இலங்கை வானொலிக்காரர். திருச்சிக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அந்த அம்மாவைத் திருத்தவில்லை. பேட்டியில் குறுக்கே திருத்தினால் அடுத்த வார்த்தை வராது. இந்த மாதிரி குழப்பம் ஒருவரிடம் மட்டும் இல்லை, பலரிடம் பார்த்துவிட்டேன். காரணம் இருக்கிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மத்திய அமைச்சர் கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஓரங்கட்டியது. 1957இல் விவித பாரதி தொடங்கினார்கள் என்றாலும், அதற்குள் பாட்டு கேட்கிறவர்கள் கொழும்பு பக்கம் முள்ளைத் திருப்பிப் பழகிவிட்டார்கள். ஒரே பெட்டி, ஒரே திருகு. காலையில் திருச்சிச் செய்தி, அப்புறம் இலங்கைப் பாட்டு. கேட்கிறவர் மனசில் அது ஒரே நீரோட்டம். நிலையங்களுக்கு நடுவில் கோடு போட்டது அலுவலகம்தான், காது போடவில்லை.

ஆர்மோனிய விஷயமும் இப்படித்தான். “எங்க தாத்தா ஐம்பதுகளில் திருச்சி ரேடியோவில் ஆர்மோனியம் வாசிச்சார்” என்று பெருமையோடு சொல்பவர்கள் உண்டு. நாடக மேடையில் ஆர்மோனியம்தான் ராஜா. அதனால் நம்பத் தோன்றும். ஆனால் 1940இலேயே அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டுவிட்டது. 1971இல்தான் தளர்த்தினார்கள். தாத்தா நாடகத்தில் வாசித்தது பேரன் வாயில் வானொலிக்கு மாறியிருக்கலாம், வருஷம் இருபது தள்ளிப் போயிருக்கலாம், வாத்தியமே வேறாக இருந்திருக்கலாம். எதுவாக இருந்தாலும் காகிதம் இல்லாமல் அச்சுக்குக் கொடுக்கக் கூடாது.

இங்கேதான் வீட்டுப் பெட்டி உள்ளே வருகிறது. வானொலி ஒவ்வொரு கலைஞருக்கும் ஒப்பந்தக் காகிதம் அனுப்பும்; ‘கான்ட்ராக்ட்’ என்றுதான் வீடுகளில் சொல்வார்கள். தேதி, நேரம், எத்தனை நிமிஷம், எத்தனை ரூபாய் எல்லாம் அதில் இருக்கும். ஒரு நாகஸ்வரக் குடும்பத்தில் டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளோடு சேர்த்து, நாலாக மடித்த இருபது முப்பது கான்ட்ராக்ட் வைத்திருந்தார்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போய், பிரித்தால் நாலு துண்டாகிவிடும் நிலை. சிலவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் பஸ் செலவும் சாப்பாட்டுச் செலவும் எழுதிக் கழித்திருந்தது. நிரலில் பார்த்த பெயர் அங்கே ஆளாக எழுந்து நின்றது. காகிதத்தின் துல்லியம், பேச்சின் சூடு இரண்டும் ஒரே தாளில். இத்தனை நல்ல சரக்கு என்றால் ஏன் இதில் தொடங்கக் கூடாது? யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! அந்த முகவரிக்கு நிரலும் பேச்சும் சேர்ந்துதான் வழி காட்டும்.

ஒலிப்பதிவு பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். வானொலி வரலாறு என்றால் ஒலியில்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து அதைத் தேடிப் போகாதீர்கள். முதல் பல வருஷம் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு, காற்றோடு போயிற்று. நாடா வந்த பிறகும் ஸ்பூலை அழித்து மறுபடி பயன்படுத்துவது வழக்கம். 1954இல் டெல்லியில் ஒலிப்பதிவுப் பிரிவு ஏற்பட்டது உண்மை, ஆனால் சேமிக்கத் தகுந்தது எது என்ற கேள்விக்கு அன்று கிடைத்த பதில் தலைவர்கள் உரையும் பெரிய வித்வான்களும். உரம் எப்போது போடுவது என்று சொன்ன குரலை யார் பாதுகாப்பார்கள்? எழுபதுகள், எண்பதுகளில் வீட்டு டேப் ரிக்கார்டரில் ரேடியோ முன்னால் வைத்துப் பதிந்த கேசட்டுகள்தான் நம் அதிர்ஷ்டம். பூஞ்சை பிடிக்காமல் கிடைத்தால் கச்சேரி முடிந்து அறிவிப்பாளர் நேரம் சொல்வதும், பின்னால் குழந்தை அழுவதும் சேர்ந்தே கேட்கும். எனக்குக் கச்சேரியைவிட அந்தக் கடைசி அரை நிமிஷம் முக்கியம்.

ஆக, எதில் தொடங்குவது? என் கட்சி இது: நிரலில் தொடங்குங்கள், ஆனால் முடிக்காதீர்கள். மொத்தத் தொகுதியையும் படித்துவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பேன் என்று உட்கார்ந்தால் இரண்டு வருஷம் ஓடிவிடும், அதற்குள் பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேருக்குக் காரியம் ஆகியிருக்கும். வெறுங்கையோடு போய் “அந்தக் காலத்தில் வானொலி எப்படி இருந்தது ஐயா?” என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதில்தான் சொல்வார்கள்: ரொம்ப நல்லா இருந்தது, இப்போ எதுவும் சரியில்லை. நானும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஆறு பேட்டி வீணாகப் போனது.

பிறகு வழியை மாற்றினேன். லால்குடிப் பக்கம் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனபோது ஒரு வாரத்து நிரலை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். விரலை வரி வரியாக இறக்கினார். ஓர் இடத்தில் விரல் நின்றது. “இந்த நேரத்துக்குத்தான் பஞ்சாயத்து ஆபீஸ் ரேடியோவத் திறந்து வைப்பான். சாவி வச்சிருந்தவன் எங்க மாமன்” என்றார். நான் நிகழ்ச்சியைத் தேடிப் போனேன், சாவி கிடைத்தது. யார் திறந்தார்கள், யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யார் வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டார்கள் என்று அவர் சொன்னதை எந்தத் தொகுதியிலும் படித்திருக்க முடியாது. அந்தக் காகிதம் இல்லையென்றால் அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

எழுதும்போது எந்த வரிசை என்பதிலும் இதே தகராறு வரும். வருஷ வரிசை பார்க்க ஒழுங்காக இருக்கும், படிக்கக் கொட்டாவி வரும். நிகழ்ச்சி வாரியாகப் பிரித்தால் சுவை கூடும், ஆனால் 1963இல் திருநெல்வேலியும் 1966இல் கோவையும் தனி நிலையமாக வந்தபோது திருச்சியின் எல்லை சுருங்கியதே, அது எந்த அத்தியாயத்துக்குள்ளும் அடங்காமல் வெளியே தொங்கும். அதுவரை தென்தமிழகத்துக்கே அதுதான் ‘நம்ம ஸ்டேஷன்’. உள்ளூர் நிலையம் என்கிற சொல்லுக்கே அந்த ஆண்டுகளில் அர்த்தம் மாறியது. அதனால் வருஷ வரிசையை ஓரத்தில் சின்ன எழுத்தில் ஓட விட்டு, நடுவில் நெல், சாவி, கான்ட்ராக்ட் என்று பொருள் பொருளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பதிப்பாளர் ஒருவர் முகம் சுளித்தார். பார்ப்போம்.

அடுத்து லால்குடி போகும்போது 1958 ஏப்ரல் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். பெரியவருக்கு அந்த மாதம்தான் கல்யாணமாம். வீட்டுக்குச் சொந்த ரேடியோ வந்ததும் அப்போதுதானாம்.