மேனிஃபோல்ட் பேக்கிங்: மலை ஏறுகிற வண்டிக்கு எது தாங்கும்?

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயர வித்தியாசம். ஏறும்போது லோடு வண்டி இரண்டாவது கியரிலேயே முக்கும், இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதிக்கும். இறங்கும்போது கியரில் விட்டு வருவதால் டீசல் எரியாமல் வெறும் காற்றுதான் அதற்குள் போய் வரும், மார்கழி என்றால் வெளியே மூடுபனி வேறு. இப்படிச் சுட்டு ஆறி, சுட்டு ஆறித்தான் மேனிஃபோல்டுக்கும் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் பேக்கிங் (கேஸ்கெட்) போகிறது.

40 செ.மீ. நீள வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் 500 டிகிரி சூடு ஏறினால் அது 2 மி.மீ.க்கு மேல் நீளும். ஹெட்டை ரேடியேட்டர் தண்ணீர் அதிகம் சூடேறாமல் வைத்திருப்பதால் அது ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. அப்படியென்றால் ஒவ்வொரு ஏற்றத்திலும் மேனிஃபோல்ட் ஹெட்டின் மேல் வழுக்கி நகர்கிறது, நடுவில் மாட்டியிருக்கும் பேக்கிங் அந்த உரசலையும் தாங்கி, காற்றையும் விடாமல் இருக்க வேண்டும். பேக்கிங்கில் எது நல்லது என்ற பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

என் பழைய டீசல் ஜீப்பில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைந்துவிடும். வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் என்று நினைத்து அதை அட்ஜஸ்ட் செய்தும் போகவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் கடைசி போர்ட் (ஹெட்டிலிருந்து புகை வரும் துளை) பக்கத்தில் விசிறி மாதிரி கரி. ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்து சோப்புத் தண்ணீர் தெளித்தேன், அங்கேயே குமிழி வந்தது.

உடனே பல அடுக்கு ஸ்டீல் பேக்கிங் வாங்கிப் போட்டேன். இருப்பதிலேயே உறுதியானது அதுதான், சூட்டுக்குக் கருகாது, சுருங்காது, ஒழுங்காக உட்கார்ந்துவிட்டால் திரும்பத் தொட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி சமமாக இருக்க வேண்டும். என் மேனிஃபோல்டோ வளைந்திருந்தது. இரண்டே வாரத்தில் டிக் டிக் திரும்பி வந்தது. "ஃபேஸ் கோணலா இருந்தா பேக்கிங் என்ன பண்ணும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். ஃபேஸில், அதாவது பேக்கிங் உட்காரும் முகத்தில், நேர்விளிம்பை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தபோது நடுவில் 0.3 மி.மீ. இடைவெளி.

அடுத்தது நடுவில் ஸ்டீல் தகடு வைத்த கிராஃபைட். இது மெத்தென்று இருப்பதால் சின்னச் சின்னக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வழுக்கும் தன்மையும் உண்டு, அதனால் மேனிஃபோல்ட் நகரும்போது கிழிக்காது. பழைய வார்ப்பிரும்புக்கு என் ஓட்டு இதற்குத்தான். குறை என்னவென்றால், கசிந்து சூட்டோடு வெளிக்காற்று பட ஆரம்பித்துவிட்டால் கிராஃபைட் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து கரையும், கழற்றினால் மறுபடி போடவும் முடியாது. 0.3 மி.மீ. கோணலை இதுவும் மூடாது. அதனால் மேனிஃபோல்டின் முகத்தை லேத்தில் ஃபேசிங் செய்து சமமாக்கிவிட்டு, ஹெட்டில் மிச்சமிருந்த குழிகளுக்காகவே கிராஃபைட் போட்டேன்.

செம்பு சிலர் விரும்புவார்கள். சிவக்கச் சுட்டு ஆறவிட்டால் மறுபடி இளகும், திரும்பவும் போடலாம். ஆனால் நட்டை அடிக்கடி பார்த்து முறுக்க வேண்டும், தினமும் ஓடுகிற வண்டிக்கு அது தோதில்லை. ஷீட்டில் வெட்டும் ஃபைபர் பேக்கிங் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கத்துக்குச் சரி, எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். சிலிக்கான் பேஸ்ட்டை மட்டும் தடவி எக்ஸாஸ்டை மாட்டுவது வேலையே இல்லை, முதல் ஏற்றத்திலேயே கருகும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பேக்கிங் வரும் அம்பாசிடர் மாதிரி வண்டியில் எக்ஸாஸ்டின் சூட்டை வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

இன்டேக் கசிவு வேறு கதை. பெட்ரோல் வண்டியில் கணக்கில் வராத காற்று உள்ளே போய் ஐடில் வேகம் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும். டர்போ டீசலில் அழுத்திய காற்று வெளியே போய்க் கரும்புகை வரும், இழுவை போகும். ஊட்டி உயரத்தில் காற்றே சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான், அதிலும் கசிந்தால் என்ன மிஞ்சும்? டர்போ இல்லாத என் ஜீப்பில் ஃபில்டரில் வடிகட்டாத தூசி நேரே உள்ளே போகும், சத்தமில்லாமல் பிஸ்டன் ரிங் தேயும்.

எக்ஸாஸ்ட் கசிவைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். நம் ஊர்க் குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறோம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஓம்னி மாதிரி சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கும் வண்டி என்றால் அன்றைக்கே பாருங்கள். குழந்தைகளை ஏற்றிப் போகிற வண்டி அது.

மாற்றும்போது இன்ஜின் முழுசாக ஆறியிருக்கட்டும். மேனிஃபோல்டைப் பிடிக்க ஹெட்டில் பதித்திருக்கும் ஸ்டட்களுக்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள், வராத நட்டோடு மல்லுக்கட்டினால் ஸ்டட் ஹெட்டுக்குள் முறியும், அப்புறம் ஒரு நாள் வேலை ஒரு வாரமாகும். பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், முகத்தில் மாஸ்க் போடுங்கள். போர்ட்டுகளைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், முடித்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக, மேனுவலில் சொன்ன டார்க்குக்கு (முறுக்கு விசை அளவுக்கு) முறுக்க வேண்டும்.

கிராஃபைட் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும், அதனால் மேட்டுப்பாளையம் ஒரு தடவை போய் வந்து, ராத்திரி ஆறவிட்டு, மறுநாள் காலையில் டார்க் ரெஞ்சை வைத்துப் பார்த்தேன். கடைசி போர்ட்டின் இரண்டு நட்டும் கால் சுற்று கேட்டன.